யாரும் சாகாத ஆஸ்பத்திரி

நாலு வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஆள்கூடச் சாகவில்லை. சிரிக்காதீர்கள். மன்னார்குடிப் பக்கம் வந்து விசாரித்துப் பாருங்கள். வெட்டு, குத்து, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தது, பஸ்ஸில் அடிபட்டது என்று அத்தனையும் எங்கள் வாசலில்தான் வந்து இறங்கும். ஆனால் சாவு மட்டும் எங்கள் கூரைக்குக் கீழே நடக்காது. செத்தவர்களின் மூக்கில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டி, உயிர் இருக்கிறது என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிடுவோம். அந்த வண்டியை சைரன் போட்டுத் தஞ்சாவூருக்கு ஓட்டினவன் நான். பெயர் இப்ராஹிம். ஆம்புலன்ஸ் டிரைவர். எனக்கு வாய் அதிகம், கோபம் அதைவிட அதிகம். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, ஷம்சாத்தைப் பற்றி. எங்கள் ஆஸ்பத்திரியின் மெடிக்கல் செக்ரட்டரி. இன்றைக்கும் வாசல் கவுண்டருக்குப் பின்னால் அந்த நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் சொல்லச் சொல்லக் கடிதம் அடிப்பாள், டிஸ்சார்ஜ் காகிதம் எழுதுவாள், போலீஸ் கேஸ் என்றால் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வாள். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை. உள்ளே படுத்திருக்கிறவனுக்கு என்ன ஆச்சு என்று வெளியே நிற்கிற ஜனத்திடம் போய்ச் சொல்ல வேண்டும் பாருங்கள், அதுதான் வேலை. அதைச் செய்ய எங்கள் டாக்டருக்கே தைரியம் கிடையாது.

அவள் கூத்தாநல்லூர்க்காரி. அத்தா, அவள் அப்பா, மலேசியாவில் கடை வைத்திருந்து, நெஞ்சுவலியோடு ஊர் திரும்பி, ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். கிடந்த நாள் முழுக்க இவர்களிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். வெள்ளைக் கோட்டுகள் வேகமாக வரும், வேகமாகப் போகும். கடைசியில் கவுண்டரில் இருந்த ஒரு பெண்தான் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நல்ல தமிழில், இன்னது ஆச்சு, இனிமேல் இன்னது ஆகும் என்று சொன்னாளாம். ஷம்சாத் அன்றைக்கு முடிவு செய்தாள். திருச்சியில் தங்கி மெடிக்கல் செக்ரட்டரி படிப்பு முடித்தாள். அவள் அம்மா ஹபீபுன்னிசா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “ஏன் இப்ராஹிம், இவ நர்ஸா, டாக்டரா, என்னதான் வேலை?” ஷம்சாத்தே பதில் சொல்வாள்: “டாக்டர் சொல்றது ஜனங்களுக்குப் புரியாதும்மா. ஜனங்க கேக்குறது டாக்டருக்குக் காதுல விழாது. நடுவுல நம்புற மாதிரி ஒரு ஆள் வேணும். அதுதான் நான்.” நம்புற மாதிரி. அந்த வார்த்தையை அவள் எத்தனை ஆசையோடு சொல்வாள் தெரியுமா?

அவள் சேர்ந்த வாரத்திலேயே ஒரு சாவு விழுந்தது. பிரசவத்துக்கு வந்த பெண். டாக்டர் அரவிந்தன் தானே வெளியே வந்து சொன்னார், நல்ல மனிதர்தான். சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் பாய்ந்தது. கவுண்டர் கண்ணாடி நொறுங்கியது, கம்ப்யூட்டர் ரோட்டுக்குப் போய்விட்டது, மருந்து அலமாரியைக் குப்புறத் தள்ளினார்கள். டாக்டரைத் தரையில் போட்டு, அவர் வலது மணிக்கட்டின் மேல் ஒருத்தன் செருப்புக்காலோடு ஏறிக் குதித்தான். எலும்பு உடைகிற சத்தம் எனக்கு வாசல் வரை கேட்டது. கத்தி பிடிக்கிற கை! ஆறு மாதம் அவரால் சோற்றைக்கூடப் பிசைய முடியவில்லை. ஷம்சாத்தின் நெற்றியில் ஸ்டூல் பட்டு நாலு தையல்.

கட்டோடு திரும்பி வந்த டாக்டர் எங்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்: “இனிமே இங்க யாரும் சாகக் கூடாது. போயிட்டாங்கன்னா மாஸ்க்கப் போடுங்க. தஞ்சாவூருக்கு அனுப்புங்க. அங்க போலீஸ் இருக்கு, கும்பல் வராது. அவங்க சொல்லிக்கட்டும்.” நர்ஸ் அம்சம் மாஸ்க் மாட்டுவாள். ஷம்சாத் வெளியே போய், “உயிர் இருக்குங்க, உடனே தஞ்சாவூர் கொண்டு போகணும்” என்பாள். நான் ஓட்டுவேன். அதற்குப் பிறகு ஒரு கண்ணாடியும் உடையவில்லை, அதை மறைக்கவா முடியும்? ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வந்து ஷம்சாத் பின்பக்கக் குழாயடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு நிற்பாள். “விட்டுட்டுப் போயிடேன்மா,” என்றேன் ஒருநாள். “போனா இன்னொருத்தி வந்து இதையேதான்ணே சொல்லுவா,” என்றாள். அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது, அதுதான் கொடுமை.

அப்படி நாங்கள் ஏற்றிவிட்டவர்களில் ஒருவர் பாமணி ஆற்றுக்குத் தெற்கே இருக்கிற கிராமத்துப் பெரியவர். பாம்பு கடித்து, கொண்டு வரும்போதே முடிந்துவிட்டது. அவர் மகள் தங்கமணி என் வண்டியில் ஏறி, அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு, தஞ்சாவூர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றி, நாற்று விட்டதைப் பற்றி, எதையெதையோ. வழியில் புருஷன் வீட்டுக்குப் போன் போட்டு, “அப்பா உயிரோடதான் இருக்காரு, கையப் புடிச்சிக்கிட்டு இருக்கேன், சூடா இருக்கு,” என்றாள். தஞ்சாவூரில் டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இவர் போய் ரொம்ப நேரமாச்சேம்மா என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அத்தனை வலித்திருக்காது.

ஊருக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டு வண்டியில் ஏற்றினால் ஆள் காலி என்று டீக்கடையில் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். நாங்கள் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டோம்.

அந்தத் தங்கமணியின் புருஷன்தான் ஐயாவு. நடராசன் என்பவரின் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தான். நடராசனுக்கு நிலத்தை விற்க வேண்டும், ஐயாவு விட மாட்டேன் என்றான். கோர்ட்டு, வாய்தா என்று இழுத்துக்கொண்டே கிடந்தது. போன வருஷம் சம்பா நடவு முடிந்து வயல் பச்சை பிடித்திருந்த நேரம். ஒரு நாள் காலையில் நடராசன் டிராக்டரைக் கொண்டு வந்து அந்த வயலுக்குள்ளேயே இறக்கிவிட்டார். பச்சைப் பயிரைச் சேற்றோடு சேர்த்து உழுதால் எந்த விவசாயி பார்த்துக்கொண்டு நிற்பான்? ஐயாவு மண்வெட்டியோடு டிராக்டர் முன்னால் போய் நின்றான். நடராசன் கையில் கொடுவாள் இருந்தது. ஓங்கினவர் கழுத்தைத்தான் பார்த்து ஓங்கினார் என்கிறார்கள். ஐயாவு சேற்றில் வழுக்கி விழ, வெட்டு தொடையில் இறங்கியது. வயல் தண்ணீர் சிவப்பாக மடை வரைக்கும் போனதாம்.

டாட்டா ஏஸ் வண்டியில் போட்டுக் கொண்டு வந்தார்கள். தங்கமணி, ஐயாவுவின் தம்பி சதீஷ், பின்னால் பைக்குகளில் பாதி ஊர். தொடையைச் சுற்றிக் கட்டியிருந்த சேலை ஊறி, வண்டியிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக வாசல் படியெல்லாம் விழுந்தது. டாக்டர் உள்ளே எடுத்துப்போனார். சீக்கிரமே வெளியே வந்து, முதலில் என்னைத்தான் பார்த்தார்.

“பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கு. இறுக்கிக் கட்டியிருக்கேன். தைக்குற ஆள் இங்க இல்ல, ஏத்துறதுக்கு ரத்தமும் இல்ல. ஒரு மணி நேரத்துல தஞ்சாவூர் மெடிக்கல்ல சேர்த்தா பொழைச்சுக்குவான். இப்ராஹிம், இது நெசமாவே.”

நிஜமாகவே! அந்த ஒரு வார்த்தையை எங்களுக்குள்ளேயே சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஷம்சாத் வெளியே போனாள். வழக்கமான குரலில் இல்லை. அவசரமாக, மூச்சு வாங்க, “ஐயாவு உயிரோட இருக்காருங்க. உடனே தஞ்சாவூர் கொண்டு போகணும். வழி விடுங்க,” என்றாள். பின்னாலேயே அம்சம் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஐயாவு கண்ணை மூடிக் கிடந்தான். மூக்கில் மாஸ்க்.

தங்கமணி அந்த மாஸ்க்கைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே மடங்கி விழுந்து, இரண்டு கையாலும் தலையில் அறைந்துகொண்டு கத்தினாள்: “அய்யோ, எங்கப்பாவுக்குப் போட்ட மாதிரியே போட்டுட்டாங்களே! என் புருஷன் போயிட்டாரே!”

“இல்லக்கா, இருக்காரு, நெசமாவே இருக்காரு,” என்றாள் ஷம்சாத்.

“நீதானடி அன்னிக்கும் சொன்ன! இதே வாய்தானடி!”

சதீஷ் அண்ணனின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். டாட்டா ஏஸ் வண்டியின் சீட்டுக்கடியில் கையை விட்டு எதையோ எடுத்தான், பைக்கை உதைத்தான், போய்விட்டான். அந்தக் கூச்சலில் அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் அதற்குள் ஒரு செங்கல் வந்து என் தோளில் விழுந்தது.

அப்புறம் நடந்ததைக் கலவரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்தன் கவுண்டர் கண்ணாடியில் நாற்காலியை வீசினான். இன்னொருத்தன் மருந்து பாட்டில்களை வரிசையாகத் தரையில் அடித்து உடைத்தான். வார்டில் இருந்த நோயாளிகள் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கிப்போட்டுவிட்டு ஓடினார்கள். டாக்டர் ஆபரேஷன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார், கதவை எட்டி எட்டி உதைத்தார்கள். “பொணத்தக் குடுங்கடா! நடுரோட்டுல போட்டு மறியல் பண்ணுவோம்! நடராசன் வீட்டு வாசல்ல எரிப்போம்!” என்று ஸ்ட்ரெச்சரை வாசலுக்கு இழுத்தார்கள். உயிரோடு இருக்கிறவனை ரோட்டில் கிடத்தப் போகிறார்கள்! மேலும் கீழும் உலுக்கியதில் தொடைக்கட்டு நெகிழ்ந்து மறுபடியும் ரத்தம் கசிய ஆரம்பித்தது.

நானும் சும்மா வாங்கிக்கொண்டு நிற்கிறவன் இல்லை. ஜாக்கி லீவரை எடுத்துச் சுழற்றினேன். ஒருத்தன் முழங்கையில் பட்டது, இன்னொருத்தன் பல் போனது. பதிலுக்கு என்னைச் சுவரோடு வைத்து முகத்தில் மூன்று பேர் குத்தினார்கள். வாயெல்லாம் ரத்தம். “அடப் பாவிகளா, அவன் உயிரோட இருக்கான்டா, தொட்டுப் பாருங்கடா!” என்று கத்தினேன். என்னை எவன் நம்புவான்? செத்தவனுக்கு சைரன் போட்டவன் ஆயிற்றே நான்.

ஷம்சாத் உடைந்த கவுண்டர் மேல் ஏறிக் குதித்து வந்தாள். கையில் கண்ணாடி கிழித்திருந்தது. தலைத்துணி எங்கேயோ விழுந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தை மறித்து நின்றாள். ஒருத்தன் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த தங்கமணியின் கொண்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, அவள் கையை ஐயாவுவின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

“பாருக்கா! சூடு இருக்கா இல்லயா? துடிக்குது பாருக்கா!”

“எங்கப்பாவுக்கும் சூடாத்தான்டி இருந்துச்சு!” என்று தங்கமணி கையை உதறினாள். “தஞ்சாவூர் வரைக்கும் சூடாத்தான்டி இருந்துச்சு!”

அடுத்து ஷம்சாத் செய்ததை எந்தப் படிப்பிலும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு நோயாளியைத் தொட்டுக்கூடப் பழக்கமில்லாதவள். ஐயாவுவின் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள். தொடைக்கட்டுக்குக் கீழே, வெட்டுக்குள், ஐந்து விரலையும் சேர்த்துக் குத்தி அழுத்தினாள். முழு பலத்தோடு.

ஐயாவு எழுந்து உட்காராத குறை. வாயைத் திறந்து போட்ட சத்தத்தில் வார்டே அதிர்ந்தது. பிறகு அவள் பரம்பரையையே இழுத்து ஒரு வசை விட்டான் பாருங்கள், அதை அப்படியே எழுதினால் இதை நீங்கள் வீட்டுக்குள் கொண்டு போக முடியாது.

கூட்டம் கல்லாகி நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், “டேய், ஐயாவு திட்டுறான்டா! திட்டுறான்டா!” என்று அழுதுகொண்டே சிரித்தான். ஷம்சாத்தின் விரல்களிலிருந்து ரத்தம் வழிந்தது. “இப்பவாவது வழி விடுங்கடா நாசமாப் போறவங்களா!” என்று கத்தினாள். வாங்க, போங்க என்பதைத் தவிர வேறு பேசாத வாய். கண்ணாடி உடைத்த அதே ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தோளில் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். நாற்காலி வீசினவன் முன்னால் பைக்கில் போய் ரோட்டில் நின்ற மாடுகளை விரட்டினான். மனுசன் இப்படித்தான், என்ன செய்வது?

டாக்டர் கதவைத் திறந்து வந்து கட்டை மறுபடி இறுக்கினார். அம்சம் பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்ததால், காயத்தை அழுத்திப் பிடிக்க ஷம்சாத்தே பின்னால் ஏறினாள். தங்கமணி தலைமாட்டில். நான் வண்டியை விட்டேன். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது, ஒற்றைக் கண்ணால்தான் ரோட்டைப் பார்த்தேன். ஊரைத் தாண்டியதும் ஐயாவு மறுபடி மயங்கிவிட்டான்.

வடுவூர் நெருங்கும்போதுதான் தங்கமணிக்கு உறைத்தது. “சதீஷ் எங்க? அவன் வண்டில ஏறலயே?”

நான் பார்த்ததைச் சொன்னேன். தங்கமணி சதீஷின் நம்பரைப் போட்டாள். மணி அடித்தது. எடுத்தான். ஷம்சாத் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“தம்பி, நான் ஆஸ்பத்திரி செக்ரட்டரி ஷம்சாத் பேசுறேன். உங்க அண்ணன் உயிரோட இருக்காரு. எங்க இருந்தாலும் அப்படியே நில்லுங்க. தஞ்சாவூருக்குத்தான் போய்க்கிட்டிருக்கோம்.”

“தஞ்சாவூருக்கா?” என்றான். பைக் சத்தம் கேட்டது. “எங்க அண்ணியோட அப்பாவக் கொண்டு போன மாதிரியா?”

“ஐயோ, இல்ல தம்பி. அல்லா மேல சத்தியமா. இப்பதான் எல்லாரும் பார்க்க வாய் தொறந்து திட்டினாரு.”

“அண்ணிகிட்டக் குடு.”

தங்கமணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதறினாள். “சதீஷு, உயிரோடதான்டா இருக்காரு! கையப் புடிச்சிக்கிட்டுதான்டா இருக்கேன்! போவாதடா, திரும்பிடுடா!”

“அண்ணி,” என்றான். “உங்கப்பா செத்த அன்னிக்கும் இதே மாதிரிதான் போன்ல சொன்னீங்க. உயிரோட இருக்காரு, கையப் புடிச்சிக்கிட்டு இருக்கேன்னு.”

“அண்ணன் குரலக் கேளுடா!” என்று தங்கமணி போனை ஐயாவுவின் வாயருகே கொண்டுபோனாள். ஷம்சாத் அவனை உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள், காயத்தை மறுபடி அழுத்தினாள். ஐயாவு அசையவில்லை. மூச்சு மட்டும் மெல்ல ஓடியது, அது போனில் கேட்காது. சதீஷ் போனை வைத்துவிட்டான். பிறகு எத்தனை தடவை போட்டும் ஸ்விட்ச் ஆஃப். ஷம்சாத் போலீசுக்குப் போட்டாள். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள்.

தஞ்சாவூரில் ஐயாவுவை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள், குழாயைத் தைத்தார்கள், ஆள் பிழைத்துவிடுவான் என்றார்கள். தங்கமணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஷம்சாத்துக்கு நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் அம்சம் கூப்பிட்டாள். நடராசனைக் கொண்டு வந்திருக்கிறார்களாம். சதீஷ் அவரை அவர் வீட்டுக் களத்து வாசலிலேயே வெட்டிவிட்டு, ரத்தம் படிந்த சட்டையோடு நேராக ஸ்டேஷனில் போய் நின்றுவிட்டான். போலீஸ் வண்டி அவனுக்கு எதிரில்தான் போயிருக்கிறது. “அண்ணனுக்கு என்ன பண்ணாங்களோ அதப் பண்ணிட்டேன்,” என்றானாம். அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று போலீஸ்காரர் சொன்னபோது அவரையும் அவன் நம்பவில்லை. ஷம்சாத் இதைக் கேட்டுவிட்டு, மடியில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். “நான் சொன்னேன்ல அண்ணே? சரியாத்தான சொன்னேன்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கார்கள், நடராசனின் ஆட்கள், உடைந்த கண்ணாடிக்கு நடுவில் பெஞ்சில் அவர் மனைவி மங்களாம்பிகை. எங்கள் டாக்டர் பின்வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார். அந்த மணிக்கட்டைப் பிசைந்துகொண்டே நின்றார்.

“வரும்போதே முடிஞ்சிடுச்சு. மாஸ்க் போடச் சொல்லிட்டேன். இப்ராஹிம், வண்டியத் திருப்பி நிறுத்து. ஷம்சாத், நீ போய்...”

“மாட்டேன் சார்.”

“காலைல பார்த்தல்ல? சொன்னா கொளுத்திடுவாங்கம்மா.”

“கொளுத்தட்டும் சார். நம்ம சொன்ன பொய்ல ஒரு ஆள் வெட்டுப்பட்டுச் செத்துக் கெடக்குறாரு. அவரையும் உயிரோட இருக்காருன்னு நான் சொல்லணுமா?”

அவள் போய் மங்களாம்பிகையின் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். நான் லீவரை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன். ஷம்சாத் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அம்மா, ஐயா இறந்துட்டாங்க. இங்க கொண்டு வரும்போதே உயிர் இல்ல.”

மங்களாம்பிகை அவளையே உற்றுப் பார்த்தார். அழவில்லை. “இல்லம்மா,” என்றார், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. “நீ தஞ்சாவூர் கொண்டு போகணும்னு சொல்லுவியாமே. எல்லார்கிட்டயும் சொல்லுவியாமே. எனக்கும் சொல்லும்மா.”

“இல்லம்மா. இறந்துட்டாங்க.”

“ஒரே ஒரு தடவை சொல்லுடி. நான் வண்டில அவர் பக்கத்துல உக்காந்து போறேன். தஞ்சாவூர் வரைக்குமாவது போறேன். சொல்லுடி!”

எங்கள் பொய்யை ஜனங்கள் எங்களிடமே கேட்டு வாங்குவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. ஷம்சாத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனாலும் தலையை ஆட்டி, “இறந்துட்டாங்கம்மா,” என்றாள்.

நடராசனின் மச்சினன் பக்கவாட்டிலிருந்து வந்தான். “அந்தப் பயலுக்கு ஆம்புலன்ஸு, எங்க அத்தானுக்குச் சாவா?” என்று குளுக்கோஸ் தொங்கவிடுகிற இரும்புக் கம்பியை எடுத்து அவள் முகத்தில் வீசினான். நான் குறுக்கே பாய்வதற்குள் விழுந்துவிட்டது. தாடை ஒடிந்த சத்தம் கேட்டது. இரண்டு பல் தரையில் தெறித்தது. நான் அவன் மேல் பாய்ந்து, கண்மண் தெரியாமல் அடித்தேன். நாலு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

ஷம்சாத் கையை ஊன்றி எழுந்தாள். வாயிலிருந்து ரத்தம் நூலாக ஒழுகியது. மறுபடியும் மங்களாம்பிகையின் முன்னால் உட்கார்ந்தாள். வாய் அசையவில்லை, வார்த்தை வரவில்லை. இல்லை என்று கையை மட்டும் விரித்துக் காட்டினாள்.

“அவள விடுங்கடா,” என்றார் மங்களாம்பிகை. “அடிச்சும் மாத்திச் சொல்லலயே அவ.” எழுந்து நின்றவர், “அப்ப போயிட்டாரா?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அதற்குமேல் ஒரு பொருளும் உடையவில்லை.

அம்சம் ஷம்சாத்தின் தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். எலும்பு இரண்டு இடத்தில் போயிருக்கிறது, பெரிய இடத்தில்தான் கம்பி வைக்க முடியும் என்றார் டாக்டர். அவளை வண்டியில் உட்காரவைத்து மறுபடியும் அதே ரோட்டில் போனேன். வீட்டுக்குச் சொல்ல வேண்டுமே என்று கூத்தாநல்லூருக்குப் போன் போட்டேன்.

“அம்மா, இப்ராஹிம் பேசுறேன். ஷம்சாத்துக்கு முகத்துல ஒரு அடி. பயப்படாதீங்க. தஞ்சாவூருக்குக் கொண்டு போறேன்.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. “யா அல்லா! எம் புள்ளையக் கொன்னுட்டாங்களா?”

“இல்லம்மா, உயிரோடதான் இருக்கா, பக்கத்துல உக்காந்திருக்கா...”

“பொய் சொல்லாத இப்ராஹிம்! நீ யாரத் தஞ்சாவூருக்கு ஓட்டுவேன்னு ஊருக்கே தெரியும்! எம் புள்ளையப் பேசச் சொல்லு! உயிரோட இருந்தா பேசச் சொல்லு!”

ஷம்சாத் போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். கட்டிய வாயை அதில் வைத்து அழுத்திக்கொண்டு பேசப் பார்த்தாள். ரத்தமும் எச்சிலும்தான் வந்தது. தொண்டையிலிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“யாரது? யாரு முனகுறது?” என்று அம்மா அலறினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வருவது கேட்டது. யாரோ ஒருத்தி அதற்குள் “இன்னா லில்லாஹி” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள், சாவு வீட்டில் சொல்வதை.

ஷம்சாத் போனை மடியில் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். வந்த வழியை விரலால் காட்டினாள். தாடை ஒடிந்து கிடக்கிறது, கூத்தாநல்லூர் எதிர்த்திசை, சேர்ந்தாற்போல் முக்கால் மணி நேரம் வீண். “முதல்ல ஆஸ்பத்திரிம்மா,” என்றேன். அவள் கதவைத் திறந்து இறங்கப் போனாள்.

வண்டியைத் திருப்பினேன். அம்மா கண்ணால் பார்க்கட்டும், பிறகு போய்க்கொள்ளலாம் தஞ்சாவூருக்கு.